கடிக்கிற மைக்

மைக் கடிக்கும் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. என் மகள் சிரிக்கிறாள். அவள் கையில் பிடித்துப் பாடும் மைக்கில் ஒயரே கிடையாது. கல்லூரியில் ஒரு பாட்டுக் குழு வைத்திருக்கிறாள். நான்கு பையன்கள் வாசிக்கிறார்கள், இவள் பாடுகிறாள். சென்ற மாதம் அவர்களுடைய ஆண்டு விழாவில் இவள் பாடிக்கொண்டே ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கியபோது நான் இருக்கையிலிருந்து எழுந்து, மேடைக்குப் பின்னால் ஓடி, மின்சாரப் பலகையருகே நின்றவரிடம் மெயினை அணைக்கச் சொன்னேன். நான் சொன்ன விதத்தில் அவர் பயந்துபோய் அணைத்தும்விட்டார். அரங்கம் முழுக்க இருட்டு. அன்றிலிருந்து மகள் என்னோடு பேசுவதில்லை. "அப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சும்மா" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

எனக்கு இப்போது ஒன்றும் ஆகவில்லை. ஆனது எல்லாம் அவள் பிறப்பதற்கு முன்பே ஆகிவிட்டது. அவளிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பாட்டுக் குழுவில் பாடியவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் கிடார்காரன் எட்வின் அவரைவிட மூன்று வயது மூத்தவன், அவனும் அக்கா என்பான். நாங்கள் வாசித்த ஓட்டலின் மேனேஜரும் அக்கா என்பார். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுத அவரிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை.

எழுபதுகளின் கடைசி. நான் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் பௌதிக ஆய்வுக்கூட உதவியாளன். அக்கா இன்னொரு பள்ளி விடுதியின் தையல் அறையில் வேலை பார்த்தார். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பதினைந்து வயதில் தாயோடும் அண்ணனோடும் கப்பலேறி வந்தவர். முடியாது என்று சொல்ல மாட்டார், ஏலாது என்பார். தையல் அறை ஜன்னலுக்கு எதிரே மாணவர்கள் கூடும் அறை. அங்கே வெளிநாட்டுப் பிள்ளைகள் சாயந்தரம் முழுக்க இசைத்தட்டு போடுவார்கள். அக்கா மிஷினை மிதித்துக்கொண்டே அந்த ஆங்கிலப் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அர்த்தம் பாதிக்குத் தெரியாது. "கோவமான பாட்டா, அழுகுற பாட்டா, அது தெரிஞ்சா போதும்" என்பார்.

அக்காவின் குரல் அடித்தொண்டையிலிருந்து வரும். கொஞ்சம் கரகரப்பு. உச்சத்துக்குப் போகும்போது அந்தக் கரகரப்பு துணி கிழிகிற மாதிரி கிழியும், ஆனால் சுருதி விலகாது. எட்வின் பேக்கரியில் வேலை செய்தவன். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு மாணவர் விட்டுச்சென்ற எலெக்ட்ரிக் கிடார் அவனிடம் இருந்தது. டிரம்ஸ் அடித்தவன் பாண்டி. பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த குடும்பம், கொடைக்கானல் கிளைக் கடையைப் பார்த்துக்கொள்ள மேலே அனுப்பப்பட்டிருந்தான். பேஸ் கிடாருக்கு ஆள் நிலைக்கவில்லை, சீசனுக்கு ஒருவர் வருவார். நான் எதுவும் வாசிக்கவில்லை. மதுரையில் ரேடியோ வால்வு வாங்கிவந்து ஆம்பிளிஃபயர் கட்டினேன். மேடையின் ஓரத்தில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒயரையும் அக்காவையும் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. ஏரிப்பக்கத்து ஓட்டலில் சீசன் மாலைகளில் வாசிப்போம். வாசலில் கரும்பலகையில் 'ராக் பேண்டு, லேடி சிங்கர்' என்று சாக்பீஸில் எழுதி வைப்பார்கள். அந்த 'லேடி சிங்கரு'க்காகத்தான் பாதிக் கூட்டம் வரும்.

அக்காவைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால், அவர் எந்தப் பாட்டையும் பாதியில் நிறுத்தமாட்டார் என்பதைத்தான் சொல்வேன்.

நான் அவரை முதலில் கவனித்ததே அதனால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டு நடுவில் ஆர்கனின் துருத்தி கிழிந்து, ஓசை புஸ்ஸென்று அடங்கிப்போனது. பாடகர் குழு ஒவ்வொருவராக நின்றது. சபையும் நின்றது. பாஸ்டர் ஐயா கை காட்ட எல்லோரும் உட்கார்ந்தோம். பெண்கள் வரிசையின் பின்னால் ஒரு குரல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. இன்னும் இரண்டு சரணம் இருந்தது. இரண்டையும் தனியாகப் பாடிவிட்டுத்தான் உட்கார்ந்தார். வெளியே வரும்போது பாஸ்டர் ஐயா, "ஏம்மா, நாங்கதான் எல்லாரும் உக்காந்துட்டமே" என்றார்.

"நீங்க உக்காந்தீங்கய்யா. பாட்டு உக்காரலியே."

ஏன் இப்படி என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் சொல்வார். பாண்டியிடம், "பாதில விட்டா அது வீட்டுக்கு வந்து தொண்டக்குழிக்குள்ளயே கெடக்குது, சோறு எறங்க மாட்டேங்குது" என்றார். எட்வினிடம், "ஒன் கிடாரு நிக்காம ஓடுது, நான் எங்கிட்டு நிறுத்த" என்றார். என்னிடம் சொன்னது வேறு. "கப்பல்ல வாறப்ப ஒரு பெரியவர் பாடிக்கிட்டே வந்தாரு தம்பி. கரை தெரிஞ்சதும் நிறுத்திட்டு மூட்டையத் தூக்கப் போயிட்டாரு. அதுக்கப்புறம் அந்தப் பாட்டுல என்னா வருதுன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது." மூன்றில் எது உண்மையென்று எனக்கும் தெரியாது.

அது பிடிவாதம் என்று எட்வின் சொல்வான். தைரியம் என்று பாண்டி சொல்வான். எனக்கு அது பயமாக இருந்தது.

ஒரு முறை ஓட்டல் புல்வெளியில் பாடிக்கொண்டிருந்தபோது, மதுரையிலிருந்து வந்த ஒரு கும்பலில் கூலிங்கிளாஸ் போட்ட ஒருவர் மேடை ஏறிவிட்டார். அக்காவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். கீழே அவர் கூட்டாளிகள் விசில் அடித்தார்கள். எட்வின் வாசிப்பதை நிறுத்தினான். பாண்டியின் குச்சிகள் இறங்கின. அக்கா மட்டும் பாடினார். அந்த ஆள் மூச்சு விட்டால் இவர் முடி அசைகிறது, அவ்வளவு பக்கம். பின்வாங்கவில்லை, கண்ணை மூடவும் இல்லை. கடைசி வரி முடிந்ததும், "அண்ணே, பாட்டு முடிஞ்சிருச்சு. போயி டீயக் குடிங்க, ஆறிப்போகும்" என்றார் மைக்கிலேயே. கூட்டம் சிரித்தது. அந்த ஆளும் சிரித்துக்கொண்டே இறங்கினார். அக்கா என் பக்கம் வந்து ஆம்பிளிஃபயர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி குடு தம்பி. காலு நிக்க ஏலாது" என்றார்.

பயம் இல்லாதவர் அல்ல. பயந்தாலும் நிறுத்தத் தெரியாதவர்.

அவருடைய அண்ணன் கிளாவரையிலிருந்து பூண்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிவரும் லாரியில் வேலை பார்த்தார். தங்கை ஓட்டலில் பாடுவது அவருக்குத் தெரியவந்த அன்று, நாங்கள் பேக்கரிக்குப் பின்னால் மாவு மூட்டை அடுக்கும் அறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். வாசலை அடைத்துக்கொண்டு வந்து நின்றார். எட்வினின் விரல் தடுமாறியது. அக்கா அண்ணனைப் பார்த்தபடியே பாடினார். நீளமான பாட்டு. அந்த மனிதரும் கடைசிவரைக்கும் நின்றார். உள்ளே வரவில்லை, சத்தம் போடவில்லை. கூடவே வளர்ந்தவர் அல்லவா, அவருக்கும் தெரிந்திருக்கிறது.

பாட்டு ஓய்ந்ததும் கேட்டார்: "முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சு."

உள்ளே வந்து ஓங்கி ஓர் அறை விட்டார். வந்த வழியே போய்விட்டார். மறுநாள் அக்கா வீங்கிய கன்னத்தோடு வந்து, "வெள்ளனே வந்துட்டேன், என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, ஆரம்பிங்க" என்றார்.

இப்போது கடிக்கிற மைக்குக்கு வருகிறேன். அந்த நாளில் எங்களுக்குக் கிடைத்த ஆம்பிளிஃபயர்களில் கரண்ட் கசியும். அது பெட்டியின் தகட்டுக்கு வந்து, ஒயர் வழியாக மைக்கின் இரும்பு உடம்புக்கு வரும். பாடுகிறவரின் உதடு பட்டால் சுருக்கென்று இழுக்கும். அதற்கு மூன்று வைத்தியம் உண்டு. ஒன்று, எர்த். ஒரு கம்பியை மண்ணில் அடித்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, பெட்டியின் தகட்டை அதோடு ஒயரால் இணைத்துவிட்டால் கசிகிற கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். இரண்டாவது, மைக்குக்கு ஒரு கைக்குட்டை கட்டுவது. மூன்றாவது, பாடுகிறவர் காலில் ரப்பர் செருப்பு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் நான் புறங்கையால் மைக்கைத் தொட்டுப் பார்ப்பேன். புறங்கையால் தொட்டால் ஷாக் அடிக்கும்போது கை தானாக விலகும். உள்ளங்கையால் பிடித்தால் விரல் மூடிக்கொள்ளும், விடமுடியாது. இதை அக்காவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அக்கா ஷாக்கை எறும்புக் கணக்கில் சொல்வார். பாட்டு முடிந்து என் பக்கம் திரும்பி, "சித்தெறும்பு" என்றால் பரவாயில்லை. "கட்டெறும்பு" என்றால் கசிவு குறைய நான் பிளக்கைத் திருப்பிச் செருகி, எர்த் கம்பிக்கு இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்ற வேண்டும். பாட்டு நடக்கும்போது சொல்லமாட்டார். எத்தனை கடித்தாலும் இடது கண்ணை மட்டும் சற்று இறுக்குவார். அந்தக் கண்ணைப் பார்ப்பதுதான் என் வேலையாகிப்போனது.

ஒரு மே மாதம் ஓட்டல் மேடைக் கூரை ஒழுகி, பலகை நனைந்திருந்தது. பாட்டின் நடுவில் அக்காவின் இடது கண் முழுதாக மூடிக்கொண்டது. நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். கிடார் செத்தது, மைக் செத்தது. உல்லாசப் பயணிகள் ஓவென்று கத்தினார்கள். அக்கா மைக் இல்லாமலே பாடி முடித்தார், யாருக்கும் கேட்கவில்லை. இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"யாரக் கேட்டுப் புடுங்குன?"

"கண்ண இறுக்குனீங்கக்கா."

"கண்ணு என் கண்ணு. பாட்டும் என் பாட்டு. ஒனக்கு அங்க என்னா சோலி?"

அதற்குப் பிறகு இரண்டு வாரம் என்னோடு பேச்சில்லை. ஒரு கஜ தூரத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். "பாண்டி, அந்த ஆள்ட்ட சொல்லு, சவுண்டு கம்மியா இருக்கு" என்பார். பாண்டி என் பக்கம் திரும்பி, "அந்த ஆளே, சவுண்டு கம்மியாம்" என்பான். நான் கூட்டுவேன். "போதும்னு சொல்லு." "போதுமாம்." சிரிக்கிற மாதிரி இருந்தாலும், அந்த இரண்டு வாரமும் எனக்கு உறக்கம் சரியாக இல்லை. ஊரில் எனக்கு என்று இருந்த மரியாதையெல்லாம் அந்த மேடை ஓரத்து நாற்காலிதான். அதிலிருந்து இறக்கிவிடுவார்களோ என்று பயந்தேன்.

பிறகு அவரே ஒருநாள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். சமாதானம் பேச வரவில்லை, நிபந்தனை சொல்ல வந்தார்.

"பாரு தம்பி. என்னால தாங்க ஏலாதுன்னா நானே இடது கையத் தூக்குவேன். அப்பப் புடுங்கு. நான் கையத் தூக்காம நீ ஒயரத் தொட்ட, அன்னிக்கோட சரி."

சரி என்றேன். ஏறக்குறைய ஒரு வருடம் அந்தக் கை உயரவே இல்லை.

அடுத்த சித்திரையில் பாண்டியின் அப்பா மூலமாக ஒரு வாய்ப்பு வந்தது. பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் அம்மன் கோயில் திருவிழா. நாடகம் தொடங்கும் முன் சாயந்தரம் ஒரு மணி நேரம் எங்கள் கச்சேரி. மலையை விட்டு இறங்கி நாங்கள் வாசிக்கப்போவது அதுதான் முதல் தடவை. அங்கே ஆங்கிலப் பாட்டு எடுபடாது என்று எட்வினின் கிடார் மெட்டுக்கு அக்கா தமிழில் ஒரு பாட்டுக் கட்டினார். மலைப்பாதையில் இறங்குகிற காய்கறி லாரியைப் பற்றி. 'பிரேக்கு புடிக்கலண்ணே, பிரேக்கு புடிக்கல' என்று திரும்பத் திரும்ப வரும். கூட்டம் அதற்கு எழுந்து ஆடும் என்று எங்களுக்கு நிச்சயமாகத் தெரியும்.

நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வெயில் இன்னும் தணியவில்லை. மண்ணைக் கொட்டி மேடாக்கி, மேலே தென்னங்கீற்றுப் பந்தல். மேடையின் முன்னால் அம்மன் படமும் குத்துவிளக்கும். சீரியல் பல்பு எரியும் ஒயரிலிருந்தே எங்களுக்கும் கரண்ட் கொடுத்தார்கள். நான் பந்தலுக்குப் பின்னால் வழக்கம்போல ஒன்றரை அடிக் கம்பியை அடித்து, ஒரு செம்பு உப்புத் தண்ணீர் ஊற்றி, ஒயரைக் கட்டினேன். கொடைக்கானலில் அவ்வளவு போதும். அங்கே எங்கே தோண்டினாலும் ஈரம். மலையில் பிறந்து வளர்ந்தவன் நான். சித்திரை மாதத்துக் கீழ்நாட்டு மண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. செருப்புக் காலோடு தரையில் நின்று புறங்கையால் மைக்கைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. திருப்தியாகத்தான் இருந்தேன்.

பிறகு இரண்டு காரியம் நடந்தது. புழுதி பறக்கிறது என்று விழாக் குழுக்காரர் ஒருவர் மேடை முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் தெளிக்கவைத்தார். அக்கா மேடை ஏறும்போது அவரே கையைக் காட்டி நிறுத்தினார்.

"செருப்பக் கழட்டிட்டு ஏறுங்கம்மா. ஆத்தா படம் இருக்குல்ல."

நான் குறுக்கே போனேன். "அண்ணே, அவங்க மட்டும் போட்டுக்கிறட்டும்ணே. கரண்ட் விசயம்."

"ஏலே, நாதஸ்வரக்காரரு கழட்டுறாரு, நாடகக்காரன் கழட்டுறான். ஒங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா? எங்க கோயில் கரண்ட்டு யாரையும் ஒண்ணும் செய்யாது."

அக்கா அதற்குள் கழற்றிவிட்டார். "விடு தம்பி. நான் சர்ச்சுக்குப் போறவதான். அதுக்காக அவுங்க சாமி முன்னாடி செருப்போட நிப்பேனா? எறும்புதான, கடிச்சிட்டுப் போகட்டும்."

மைக் ஸ்டாண்ட் வேனில் வரும்போது வளைந்துபோயிருந்தது. அதனால் கையில் பிடித்துக்கொண்டுதான் பாட வேண்டும். கைக்குட்டையைக் கட்டிக் கொடுத்தேன். ஈர மண்ணில் வெறுங்காலோடு போய் நின்றார்.

முதல் பாட்டுக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது முடிந்ததும் என் பக்கம் திரும்பி உதட்டை மட்டும் அசைத்தார்: கட்டெறும்பு. நான் பிளக்கைத் திருப்பிப் போட்டேன். மூன்றாவதாகப் பிரேக்கு பாட்டு. முதல் சரணத்திலேயே கூட்டம் எழுந்துவிட்டது. இளவட்டங்கள் கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார்கள். பாண்டி சிரித்துக்கொண்டே அடித்தான். அக்காவுக்கு வியர்வை கொட்டியது, கைக்குட்டை நனைந்து மைக்கோடு ஒட்டியிருந்தது. இரண்டாவது சரணத்தில் 'புடிக்கல' என்ற சொல்லின் கடைசி எழுத்தில் குரல் நின்றது. நின்றது என்றால் ஓயவில்லை. அதே எழுத்தில் நீண்டுகொண்டே போனது. கூட்டம் ஆரவாரம் செய்தது.

அப்போது அக்காவின் இடது கை மெதுவாக உயர்ந்தது. தோள்வரைக்கும் வந்து, தலைக்கு மேலே போனது.

நான் பார்த்தேன்.

கூட்டம் முழுக்கக் கைகளைத் தூக்கிக்கொண்டிருந்தது. அக்கா அவர்களைப் பார்த்துத்தான் தூக்குகிறார் என்று நினைத்தேன். ஒரு வருடமாக உயராத கை, இன்றைக்கு, இத்தனை நன்றாகப் போகிற பாட்டில் எதற்காக உயர வேண்டும்? பாட்டை நிறுத்தச் சொல்கிறவரா அவர்? பிடுங்கி, அது தப்பாகப் போனால்? மறுபடியும் அந்த இரண்டு வாரமா? இல்லை, இந்த முறை ஒரேயடியாக வெளியே போ என்பாரா? இவ்வளவையும் நினைத்தேன். என் கை பிளக்கின் மேல்தான் இருந்தது. பாண்டி அந்தக் கையைப் பார்த்து உற்சாகமாகி இரட்டை வேகத்தில் அடித்தான். நாலு சுற்று அடித்ததாகப் பிறகு சொன்னான்.

அவருடைய கால்விரல்களைப் பார்த்த பிறகுதான் பிடுங்கினேன். பத்து விரலும் மண்ணுக்குள் மடங்கிப் புதைந்திருந்தன.

அக்கா மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தார். யாரோ குடத்துத் தண்ணீரை அவர்மேல் ஊற்றினார்கள். மைக்கைக் கையிலிருந்து எடுக்க ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பழனி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் நான் அவர் மூக்கின் கீழே விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூச்சு இருந்தது. இருந்துகொண்டே இருந்தது.

விடிந்ததும் அவர் கண் திறந்து பேசினார் என்று நர்ஸ் சொன்ன பிறகு, சாமான்களை எடுக்கப் பாலசமுத்திரம் திரும்பினேன். எர்த் கம்பியை இரண்டு விரலால் இழுத்தேன். மாவில் செருகியது போல உருவிக்கொண்டு வந்தது. குழியில் புழுதிதான் இருந்தது. நான் ஊற்றிய ஒரு செம்புத் தண்ணீர் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது அக்காவின் அண்ணன் வந்திருந்தார். என்னைக் கண்டதும் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாய்த்தார்.

"நீதான கரண்ட் பாக்குறவன்? எங்கடா பாத்துக்கிட்டு இருந்த?"

கட்டிலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. பாதி காற்றுதான். "அண்ணே, விடு அவன. நான் கையத் தூக்குனேன். அவன் பாக்கல. பாத்திருந்தா புடுங்கியிருப்பான்." வலது கை முழுக்கக் கட்டு. என்னைப் பார்த்தார். "பாத்தியா தம்பி?"

"பாக்கலக்கா" என்றேன்.

"அதான். பாத்திருந்தா புடுங்கியிருப்ப" என்றார் மறுபடியும். அண்ணன் கையை எடுத்துக்கொண்டார். என் சட்டையை நீவிக்கூட விட்டார்.

உயிர் தப்பியது. வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் போனது. தையல் வேலை போயிற்று, விடுதிச் சமையலறையில் காய் நறுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். இடது கையால் நறுக்கப் பழகிக்கொண்டார். நாங்கள் ஒரு வருடம் வாசிக்கவில்லை. நான் அவர் வீட்டுக்கு மூஞ்சிக்கல்லுக்கு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் அம்மா தேநீர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

மறு சீசன் தொடங்குகிற நேரத்தில் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார்.

"ஓட்டல்ல கேக்குறாங்க. எட்வினும் பாண்டியும் சரின்னுட்டாங்க. நீ வெரசா சாமானத் தூசி தட்டி வையி."

"வேற ஆளப் பாருங்கக்கா. திண்டுக்கல்ல நல்ல மெக்கானிக்கு இருக்காரு."

"அவரு என் கையப் பாப்பாரா?" என்றார். "நீன்னா எனக்குக் கவலையில்ல. அன்னிக்கு ஒனக்கு மறைச்சிருச்சு, அவ்ளோதான்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சரி என்று தலையாட்டினேன்.

ஓட்டல் மேடைக்கு நான்கடி ஆழத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் எடுத்தேன். மேடைக்கு ரப்பர் விரிப்பு போட்டேன். புது மைக், புது ஸ்டாண்ட். நூறு தடவை தொட்டுப் பார்த்தேன், சித்தெறும்புகூட இல்லை. சாயந்தரம் நாற்காலிகள் நிரம்பின. அக்கா மைக்கின் முன் வந்து நின்றார். முதல் பாட்டின் இரண்டாவது வரியில் ஏரிப்பக்கமிருந்து காற்று வந்து முடி முகத்தில் விழுந்தது. அதை ஒதுக்க இடது கையைத் தூக்கினார். காதுவரைக்கும்கூட வரவில்லை.

நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

டிரம்ஸ் மட்டும் இரண்டு தட்டு தனியாக ஓடி நின்றது. நாற்காலிகளில் பேச்சு எழுந்தது. மைக் இல்லாமலும் பாடி முடிக்கிறவர், அன்றைக்குப் பாடவில்லை. வாயை மூடிக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தார். பிளக் என் கையில் இருந்தது. அக்கா என் பக்கம் நடந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அன்னிக்கு நீ பாத்திருக்க" என்றார்.

அது கேள்வி இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எட்வின் கிடாரின் கம்பியை முறுக்குவதுபோல எதையோ செய்துகொண்டிருந்தான்.

"போடு" என்றார் அக்கா.

போட்டேன். மைக்குக்குத் திரும்பிப்போய், எட்வினுக்குத் தலையசைத்து, பாட்டை முதலிலிருந்து தொடங்கினார். தொடங்கும் முன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், முந்தானையை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். அந்த சீசன் முழுக்க அப்படித்தான் பாடினார். முடி முகத்தில் விழுந்தாலும் ஒதுக்கவில்லை. என் மேல் இருந்த சுமையை இறக்கத்தான் அப்படிச் செய்தாரா, இனி உன்னை நம்புவதாக இல்லை என்பதற்கா, நான் கேட்கவில்லை. என்னோடு வழக்கம்போலவே பேசினார், தண்ணீர் கேட்டார், சவுண்டு கூட்டச் சொன்னார். ஒவ்வொரு மாலையும் நான் பிளக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு, அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டு, கடைசிப் பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.